மனச்சோர்வும் மரபணுவும்: 'பரம்பரைக் கோளாறு' என்று கைகழுவலாமா?

"அவன் அப்பாவுக்கும் இப்படித்தான். அவர்கள் குடும்பத்திலேயே ஓடுகிற ஒன்று. நாம் என்ன செய்ய முடியும்?"

இச்சொற்களை ஒருமுறையேனும் கேட்காத தமிழ்ப்பள்ளி ஆசிரியர் இருக்க முடியாது. வகுப்பில் ஒரு மாணவன் வாரக்கணக்கில் பேசாமல் அமர்ந்திருக்கிறான். விளையாட்டுத் திடலுக்கும் போக மறுக்கிறான். எழுதிக்கொண்டிருந்த கை நின்றுபோகிறது. காரணம் என்னவென்று ஆசிரியர் அறையில் பேச்சு எழும்போது யாரோ ஒருவர் குடும்ப வரலாற்றை எடுத்து வைக்கிறார். அத்தோடு பேச்சு முடிந்துவிடுகிறது. 'நூலைப் போல சேலை' என்று நம் முன்னோர் சொல்லிவைத்த பழமொழியும் அதற்குத் துணை நிற்கிறது. முன்பு 'தலையெழுத்து' என்றோம். இப்போது 'மரபணு' என்கிறோம். சொல் புதிது, பொருளோ பழையதாகவே இருக்கிறது.

இவ்வெண்ணத்தால் விளையும் கேடு இருவகைப்பட்டது. ஆசிரியர் தம் கடமையிலிருந்து விலகிக்கொள்ள அது வழி செய்கிறது. பெற்றோரையோ அது வாய் மூட வைக்கிறது. 'நம் வழியில் உண்டு' என்று வெளியே தெரிந்தால் நாளைக்கு மகளுக்கு வரன் அமையாதே என்னும் அச்சத்தால், தாத்தாவுக்கு என்ன நேர்ந்தது, சித்தி ஏன் வேலையை விட்டார் என்பவையெல்லாம் மறைக்கப்படுகின்றன. ஆகவே, மரபணுவைப் பற்றி அறிவியல் உண்மையில் என்ன சொல்கிறது என்பதை ஆசிரியர்களும் பெற்றோர்களும் சற்றுப் பொறுமையாகத் தெரிந்துகொள்வது நல்லது என்று கருதுகிறேன்.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. நம் நாளேடுகளும் வானொலியும் 'மன அழுத்தம்' என்னும் ஒரே சொல்லால் இரண்டு வேறு பொருள்களைக் குறிக்கின்றன. மலாய்மொழியில் இக்குழப்பம் இல்லை. தெக்கானான் வேறு, கெமுருங்கான் வேறு. வேலையிழப்பு, கடன், மரணம், பிரிவு, பகடிவதை போன்று வெளியிலிருந்து வந்து அழுத்துவதை இக்கட்டுரையில் 'நெருக்கடி' என்கிறேன். வாரக்கணக்கில் நீடித்து, உறக்கத்தையும் பசியையும் ஆர்வத்தையும் தின்றுவிடும் நோயை 'மனச்சோர்வு' என்கிறேன். நெருக்கடிக்கு உள்ளான எல்லாரும் மனச்சோர்வு அடைவதில்லை. ஒரே வீட்டில், ஒரே இழப்பைக் கண்ட அண்ணன் தம்பி இருவரில் ஒருவன் மட்டும் விழுகிறான். மற்றவன் எழுந்து நடக்கிறான். ஏன் என்பதுதான் கேள்வி.

இக்கேள்விக்கு விடை கிடைத்துவிட்டதாக 2003ஆம் ஆண்டில் உலகமே நம்பியது. நியூசிலாந்தின் டனீடன் நகரில் 1972 ஏப்ரல் முதல் 1973 மார்ச் வரை பிறந்த 1,037 குழந்தைகளை ஆய்வாளர்கள் மூன்று வயது முதல் தொடர்ந்து கவனித்து வந்தார்கள். அவர்கள் 26 வயதை எட்டியபோது, அவ்ஷலோம் காஸ்பியும் டெர்ரி மொஃபிட்டும் மற்ற ஆய்வாளர்களும் அவர்களுள் 847 பேரின் மரபணுவில் ஒரு குறிப்பிட்ட இடத்தை ஆராய்ந்தனர். மூளை நரம்புகளுக்கிடையே சுரக்கும் செரட்டோனின் என்னும் பொருளை மீண்டும் நரம்புக்குள் இழுத்துக்கொள்ளும் ஒரு புரதம் உண்டு. அதை உருவாக்கும் மரபணு 17ஆவது குரோமோசோமில் உள்ளது. அம்மரபணுவின் முன்பகுதி சிலருக்குக் குட்டையாகவும் சிலருக்கு நீளமாகவும் அமைந்திருக்கும். தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என ஒவ்வொருவருக்கும் இரு பிரதிகள்.

21 வயதுக்கும் 26 வயதுக்கும் இடையில் நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட நெருக்கடிகளைச் சந்தித்தவர்களில், குட்டைப் பிரதி ஒன்றேனும் உடையோரில் 33 விழுக்காட்டினர் மனச்சோர்வு அடைந்தனர். இரண்டும் நீளமாக இருந்தோரில் 17 விழுக்காட்டினரே அவ்வாறு ஆயினர். நெருக்கடியே இல்லாதவர்களிடம் குட்டை, நீளம் என்னும் வேறுபாடு எந்த விளைவையும் காட்டவில்லை. மரபணு தனியே நோயைத் தரவில்லை. நெருக்கடி வரும்போது மட்டும் அது பேசுகிறது என்பதே அவ்வாய்வின் முடிபு. எவ்வளவு அழகான முடிபு! 'இயல்பா, வளர்ப்பா' என்ற நெடுநாள் வழக்கில் இரு தரப்புக்கும் பாதிப் பாதி வெற்றி. பாடநூல்களில் ஏறியது, பயிற்சிப் பட்டறைகளில் ஒளிப்படலமாக வலம் வந்தது. ஆசிரியர்களுக்கான உளவியல் கருத்தரங்குகளில் இன்றும் இதனை மெய்ப்பிக்கப்பட்ட உண்மையாக எடுத்துரைப்போர் உண்டு.

ஆனால், அது நிலைக்கவில்லை.

2009ஆம் ஆண்டில் நீல் ரிஷ் தலைமையிலான குழு, இதே கேள்வியை ஆராய்ந்த 14 ஆய்வுகளை, மொத்தம் 14,250 பேரின் விவரங்களை, ஒன்றுதிரட்டிப் பார்த்தது. நெருக்கடி மிகுந்தால் மனச்சோர்வு மிகுகிறது என்பது தெளிவாகத் தெரிந்தது. குட்டை மரபணு அதில் பங்கெடுக்கிறது என்பதற்கோ சான்று கிடைக்கவில்லை. 2011இல் வேறொரு குழு 54 ஆய்வுகளைத் தொகுத்து, இல்லை, தொடர்பு உண்டு என்றது. எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதில் இரு தரப்பும் சண்டையிட்டன. 2019இல் கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இம்மரபணு உட்பட மனச்சோர்வோடு அதிகம் தொடர்புபடுத்திப் பேசப்பட்ட 18 மரபணுக்களை எடுத்துக்கொண்டு, இலட்சக்கணக்கானோரின் விவரங்களில் சோதித்தனர். அவை தனியாகவும் தேறவில்லை. நெருக்கடியோடு சேர்ந்தும் தேறவில்லை. ஏதோ ஒரு மரபணுவைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்திருந்தால் என்ன கிடைத்திருக்குமோ, அதுதான் கிடைத்தது.

எங்கே பிழை நேர்ந்தது? ஆசிரியர்களுக்கு இதை விளக்குவது எளிது. முப்பது மாணவர்கள் உள்ள ஒரு வகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி அணிந்தவர், அணியாதவர், இடக்கையர், வலக்கையர், காலையில் பசியாறியவர், பசியாறாதவர் என்று இருபது விதமாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் கணிதப் புள்ளிகளை ஒப்பிட்டுப் பாருங்கள். ஏதாவது ஒரு பிரிப்பில் பெரிய வேறுபாடு தோன்றத்தான் செய்யும். அந்த ஒன்றை மட்டும் அறிக்கையாக எழுதி அனுப்பினால் அது கண்டுபிடிப்பாகிவிடும். அடுத்த ஆண்டு வேறொரு வகுப்பில் சோதித்தால் மறைந்துவிடும். சில நூறு பேரைக் கொண்டு நடந்த மரபணு ஆய்வுகள் பலவற்றுக்கு நேர்ந்த கதி இதுதான். யாரும் ஏமாற்றினார்கள் என்று நான் சொல்லவில்லை. சிறு கூட்டத்தில் பெரிய உண்மையைத் தேடினார்கள்.

இன்னொன்றும் உண்டு. குட்டைப் பிரதி ஐரோப்பியர்களிடம் பத்தில் நான்கு என்ற அளவில் இருக்கிறது; சீனர், சப்பானியர்களிடமோ பத்தில் ஏழுக்கும் மேல். அதுதான் 'மனச்சோர்வு மரபணு' என்றால், கிழக்காசியா முழுவதும் நோயாளிகளால் நிறைந்திருக்க வேண்டும். அங்கு எடுக்கப்பட்ட கணக்கெடுப்புகள் அப்படி எதையும் காட்டவில்லை. பல்லினத்தவர் வாழும் நம் நாட்டில், 'இந்த இனத்தவருக்கு இந்த மரபணு' என்று யாராவது பேசத் தொடங்கும்போது இதனை நினைவிற்கொள்வது நலம்.

அப்படியானால் மரபுக்குப் பங்கே இல்லையா? இருக்கிறது, ஐயமில்லை. ஒற்றை மரபணுதான் பொய்த்தது, மரபு பொய்க்கவில்லை. 2025ஆம் ஆண்டில் வெளிவந்த பெரும் ஆய்வொன்று, 29 நாடுகளிலிருந்து மனச்சோர்வுற்ற 6 இலட்சத்து 80 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் விவரங்களை ஆராய்ந்து, நோயோடு தொடர்புடைய ஏறத்தாழ 700 மரபு வேறுபாடுகளைக் கண்டறிந்தது. அவற்றில் ஒவ்வொன்றின் பங்கும் கடுகளவு. எல்லாவற்றையும் கூட்டி ஒரு மதிப்பெண்ணாக்கினாலும், மனிதருக்கு மனிதர் உள்ள நோய்வாய்ப்பு வேறுபாட்டில் ஆறு விழுக்காட்டளவைக்கூட அது விளக்கவில்லை. ஐரோப்பியர் அல்லாதவர்களிடம் அதன் ஆற்றல் இன்னும் குறைவு. குழந்தையின் எச்சிலை எடுத்து அனுப்பினால் குணத்தையும் திறமையையும் எதிர்காலத்தையும் எழுதித் தருகிறோம் என்று விளம்பரம் செய்வோரிடம் பணத்தைக் கொடுக்க எண்ணும் பெற்றோர் இவ்வெண்ணை ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும்.

இரட்டையர் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், மனச்சோர்வில் மரபின் பங்கு ஏறத்தாழ 37 விழுக்காடு என்கிறார்கள். இவ்வெண்ணைத்தான் நம்மவர் அதிகம் தவறாகப் புரிந்துகொள்கின்றனர். ஒரு மாணவனின் துயரத்தில் 37 பங்கு அவன் தந்தை கொடுத்தது, மீதி பள்ளி கொடுத்தது என்று இதற்குப் பொருளில்லை.

தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். நம் பெற்றோர் பால்மரம் வெட்டிய காலத்தில் 'ஆர்.ஆர்.ஐ.எம். 600' என்னும் இரப்பர் வகை பெயர்பெற்றது. ஒட்டுக்கட்டி வளர்க்கப்படும் அம்மரங்கள் அனைத்தும் ஒரே தாய்மரத்தின் படிகள். மரபில் வேறுபாடே கிடையாது. ஒரு நிரை முழுவதும் அவ்வகையாக இருந்து, ஒரு மரம் நிறையவும் இன்னொரு மரம் குறைவாகவும் பால் கொடுத்தால், காரணம் மண்ணாக இருக்கலாம், வெட்டிய கையாக இருக்கலாம், நோயாக இருக்கலாம். மரபாக இருக்க முடியாது. அங்கே மரபின் பங்கு சுழியம். விதை போட்டு முளைத்த மரங்கள் கலந்து நிற்கும் இன்னொரு நிரையில், ஒரே மண், ஒரே எரு, ஒரே கை என்றால், வேறுபாட்டுக்குப் பெரும்பாலும் மரபே காரணமாகும். மரம் மரந்தான். எந்த நிரையில் நின்று அளக்கிறோம் என்பதைப் பொறுத்து விழுக்காடு மாறுகிறது. அதுமட்டுமல்ல; நிரை முழுவதற்கும் எருவிட்டால், எந்த வகை மரமானாலும் பால் கூடும். மரபின் பங்கு எவ்வளவு என்னும் எண் அதனைத் தடுப்பதில்லை.

நெருக்கடியும் மரபும் எவ்வாறு சேர்ந்து இயங்குகின்றன என்பதற்கு என் பார்வையில் தலைசிறந்த சான்று 1995இல் கென்னத் கெண்ட்லர் குழுவினர் வெளியிட்ட ஆய்வு. அமெரிக்காவின் வெர்ஜினியா மாநிலத்தில் இரட்டையராகப் பிறந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை அவர்கள் ஆராய்ந்தனர். இதில் எந்த மரபணுவையும் பெயர் சொல்லித் தேடவில்லை. உருவொத்த இரட்டையரில் ஒருவருக்கு மனச்சோர்வு வந்திருந்தால் மற்றவருக்கு மரபுச் சாய்வு அதிகம், வராதிருந்தால் குறைவு. அவ்வளவுதான் கணக்கு.

மரபுச் சாய்வு மிகக் குறைந்த பெண்களுக்கு, பெருந்துயர் எதுவும் நேராத ஒரு மாதத்தில் மனச்சோர்வு தொடங்கும் வாய்ப்பு 0.5 விழுக்காடு. நெருங்கிய உறவினர் மரணம், தாக்குதல், மணமுறிவு போன்ற கடும் நெருக்கடி நேர்ந்த மாதத்தில் அது 6.2 விழுக்காடு. மரபுச் சாய்வு மிகுந்த பெண்களுக்கோ அமைதியான மாதத்தில் 1.1 விழுக்காடு, நெருக்கடி நேர்ந்த மாதத்தில் 14.6 விழுக்காடு.

இந்த நான்கு எண்களையும் கரும்பலகையில் எழுதி வைத்துக்கொண்டு பாருங்கள். வாழ்க்கை அமைதியாக இருக்கும்போது மரபால் விளையும் வேறுபாடு 0.6 புள்ளி, பெரிதாகத் தெரியாது. நெருக்கடி வந்ததும் அவ்வேறுபாடு 8.4 புள்ளியாக விரிகிறது. மரபுக்கு இடமுண்டு என்பது இதிலிருந்து தெரிகிறது. ஆனால், 'பரம்பரைக் கோளாறு' என்போர் கவனிக்காத எண் இன்னொன்று இருக்கிறது. மரபுச் சாய்வு இல்லாத பெண், நெருக்கடியில் 6.2, மரபுச் சாய்வு மிகுந்த பெண், அமைதியில் 1.1. குடும்பத்தில் எந்தக் குறையும் இல்லாத பிள்ளை பெருந்துயரில் சிக்கினால், 'குடும்பத்திலேயே ஓடுகிற' பிள்ளை அமைதியாக இருக்கும்போது இருப்பதைவிட அதிக ஆபத்தில் இருக்கிறது. இவை வளர்ந்த பெண்களிடம் எடுத்த எண்கள். அப்படியே நம் ஐந்தாம் ஆண்டு மாணவருக்குப் பொருத்திவிடக் கூடாது. எனினும், யாரைக் கவனிக்க வேண்டும் என்பதற்குக் குலத்தைக் கேட்பதா, அண்மையில் வீட்டில் என்ன நடந்தது என்று கேட்பதா என்றால், நான் இரண்டாவதைத்தான் முதலில் கேட்பேன்.

சிலர் வேறொரு கோணத்தில் பேசுவர். 'நெருக்கடி மரபணுவையே மாற்றிவிடும், பேரன் பேத்தி வரை தொடரும்' என்று. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மீனி குழுவினர் எலிகளிடம் செய்து 2004இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு மேற்கோளாகக் காட்டப்படுகிறது. தாய் எலி குட்டிகளை நன்கு நக்கிப் பேணி வளர்த்தால், அக்குட்டிகளின் மரபணு எழுத்து மாறாமலே, அது இயங்கும் விதம் மாறி, அச்சத்தைத் தாங்கும் திறன் கூடியது என்பது அவ்வாய்வு. பெற்ற தாய் யார் என்பதைவிட வளர்த்த தாய் யார் என்பதே அங்குக் கணக்கில் வந்தது. எலியிலிருந்து மனிதப் பேரப்பிள்ளைக்குத் தாவுவது பெரிய தாவல்; இவ்வளவோடு விடுகிறேன்.

ஒரு தாயார் ஒருமுறை என்னிடம் கேட்டார்: "சார், எனக்கு இந்த நோய் இருக்கிறது, மருந்து எடுக்கிறேன். என் மகளுக்கும் வருமா? அவளிடம் சொல்லலாமா, கூடாதா?" தமிழ்ப்பள்ளி வாசலில் நின்று இப்படிக் கேட்பதற்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்பதைப் பெற்றோர்களாகிய நீங்கள் அறிவீர்கள்.

நேர்மையான விடை இதுதான். பெற்றோர் அல்லது உடன்பிறந்தார் ஒருவருக்கு மனச்சோர்வு இருந்தால், மற்றவருக்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று மடங்கு வரை கூடுகிறது. இதை மறைப்பதில் பயனில்லை. ஆனால், அத்தாயார் தெரிந்துகொள்ள வேண்டிய மற்றோர் உண்மை, கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மிர்ணா வைஸ்மன் குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வில் இருக்கிறது. மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெற்றுவந்த 151 தாய்மாரையும், அவர்களின் 7 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகளையும் மூன்று மாதம் கவனித்தார்கள். சிகிச்சை தாய்க்கு. மூன்று மாதத்தில் நோய் நீங்கிய தாய்மாரின் பிள்ளைகளில், மனநலக் கோளாறு உடையோர் 35 விழுக்காட்டிலிருந்து 24 விழுக்காடாகக் குறைந்தனர். நோய் நீங்காத தாய்மாரின் பிள்ளைகளில் அது 35இலிருந்து 43ஆக உயர்ந்தது.

அந்த மூன்று மாதத்தில் எந்தப் பிள்ளையின் மரபணுவும் மாறவில்லை. மாறியது வீடு. தாய் எழுந்து சமைக்கத் தொடங்கியிருப்பார், சிடுசிடுப்பின்றிப் பேசியிருப்பார், பள்ளிப்பையைத் திறந்து பார்த்திருப்பார். வீட்டின் நெருக்கடி குறைந்ததால் தாய்க்கும் குணமாகி, பிள்ளையும் தேறியிருக்கலாம் என்று மறுத்துரைப்போரும் உண்டு, அதுவும் நடக்கக்கூடியதே. எப்படிப் பார்த்தாலும் அத்தாயாருக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: அம்மா, நீங்கள் மருந்தை நிறுத்தாமல் எடுப்பது உங்கள் மகளுக்கும் செய்யும் நன்மை. மகளிடம் சொல்லுங்கள், நீரிழிவு இருந்தால் சொல்ல மாட்டீர்களா?

நீரிழிவு என்றதும் ஒன்று தோன்றுகிறது. நம் சமூகத்தில் 'எங்கள் வழியில் இனிப்புநீர் உண்டு' என்று சொல்பவர் அடுத்த மூச்சில் 'அதனால் பிள்ளைக்கு இப்போதே இனிப்பைக் குறைத்துவிட்டேன்' என்கிறார். அங்கே மரபு எச்சரிக்கையாகப் பயன்படுகிறது. மனச்சோர்வில் மட்டும் அதே மரபு கைவிடுவதற்கான காரணமாகிவிடுகிறது. இம்முரண்பாடு எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

நம் நாட்டு நிலையையும் கருத வேண்டும். 2022ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, 13 முதல் 17 வயது வரையிலான இளையோரில் நால்வரில் ஒருவருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் இருப்பதாகக் காட்டியது. நால்வரில் ஒருவர் என்றால் அது எந்தக் குடும்பத்தின் தனிச்சொத்தும் அன்று. யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. அதனோடு பிள்ளைகளின் நெருக்கடியும் நீங்கிவிட்டதாக எண்ணுவோர் உண்டு. எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. தமிழ்ப்பள்ளி மாணவனுக்கு உண்மையான நெருக்கடி, பயிற்றுமொழி மாறி, நண்பர்கள் சிதறி, அறுபது எழுபது பேர் படித்த பள்ளியிலிருந்து ஆயிரம் பேர் படிக்கும் இடைநிலைப்பள்ளிக்குள் நுழையும் நாளில் தொடங்குகிறது. வீட்டில் வட்டி முதலைகள் கதவைத் தட்டுவது, தந்தையின் குடி, தாய் இரவு வேலைக்குச் செல்வது போன்றவை அதற்கு முன்பே வந்துவிடுகின்றன.

பள்ளியால் கடனை அடைக்க முடியாது. குடியை நிறுத்த முடியாது. பள்ளியே கூட்டும் நெருக்கடியைக் குறைக்க முடியும். பணம் கட்டாத மாணவனின் பெயரைச் சபைகூடலில் படிக்காமல் இருக்க முடியும். தந்தையை இழந்த பிள்ளையை மூன்றாம் வாரத்திலேயே 'இன்னும் என்ன?' என்று அதட்டாமல் இருக்க முடியும். ஒருவனுடைய அண்ணன் எப்படி இருந்தான் என்பதை வகுப்பில் எல்லார் முன்னிலையிலும் சொல்லிக்காட்டாமல் இருக்க முடியும். அந்தப் பழக்கம் நம்மிடையே மிகுதி. அறிகுறிகள் இரண்டு வாரத்தைத் தாண்டினால், ஆலோசக ஆசிரியர் வழியாகச் சுகாதார மருந்தகத்திற்கு அனுப்பப் பெற்றோரை இணங்க வைக்கலாம். சுகாதார அமைச்சின் 15555 என்னும் உதவி எண்ணையும் பெற்றோருக்குத் தெரிவிக்கலாம். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டது. காவல்துறைக்கு அஞ்சி மறைக்க வேண்டிய நிலை இன்று இல்லை என்பதைப் பெற்றோர் பலர் இன்னும் அறியவில்லை.

இவற்றோடு ஒரு சிறு நடைமுறையையும் பரிந்துரைக்க விரும்புகிறேன். ஆறாம் ஆண்டு மாணவரின் கோப்பு இடைநிலைப்பள்ளிக்குச் செல்லும்போது புள்ளிகளும் புறப்பாட விவரங்களும் செல்கின்றன. கடந்த ஓராண்டில் வீட்டில் மரணமோ பிரிவோ இடமாற்றமோ நேர்ந்ததா என்னும் ஒரு வரி செல்வதில்லை. பெற்றோரின் ஒப்புதலோடு, குடும்ப நோய் வரலாறு எதையும் கேட்காமல், அந்த ஒரு வரியை மட்டும் வகுப்பாசிரியர் எழுதி, புதிய பள்ளியின் ஆலோசக ஆசிரியரிடம் மூடிய உறையில் சேர்ப்பித்தால் போதும். அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இதனை முன்மொழிய இருக்கிறேன். உங்கள் பள்ளியில் இத்தகைய ஏற்பாடு ஏற்கெனவே இருக்குமாயின், அதனை எவ்வாறு நடத்துகிறீர்கள், பெற்றோரின் ஒப்புதலை எவ்வாறு பெறுகிறீர்கள் என்பதை எனக்கு எழுதுங்கள். கூட்டத்திற்குக் கொண்டுசெல்ல உதவியாக இருக்கும்.